கோட்டுப் பையில் டோனலின் பற்கள்

பந்து கம்பத்தின் உச்சியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நான் கம்பத்தடியில் அண்ணாந்து நிற்கிறேன். உடம்பில் வெள்ளைக் கோட்டு. காலடியில், நிலத்தில் குத்திய வெள்ளைக் கொடி. கோட்டுப் பைக்குள் கைக்குட்டையில் சுற்றிய இரண்டு முன்பற்கள். பற்கள் என்னுடையவை அல்ல. பந்தை அடித்தவனுடையவை.

இடம், லண்டனின் மேற்கு ஓரத்தில் ரைஸ்லிப். அங்கே ஐரிஷ்காரர்களுக்கு ஒரு மைதானம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலை கொட்டத் தொடங்கிய பருவம். ஹர்லிங் என்கிற ஐரிஷ் மட்டைப்பந்தில், லண்டன் கழகங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கின்றன. நேரம் முடியப்போகிறது. அந்தப் பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவால் போனால் டோனலின் கழகத்துக்குக் கோப்பை, டோனலுக்குத் தன் வாழ்நாளின் முதல் பதக்கம். வெளியால் போனால் ஒன்றுமில்லை.

உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டியவன் நான். அவனுடைய வேனில் வந்திறங்கி, அவனுடைய சான்விச்சில் பாதியைச் சாப்பிட்டு, அவனுடைய பல்லையும் பையில் போட்டுக்கொண்டு நிற்கிற நான்.

பந்து அப்படியே மேலே இருக்கட்டும். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், கிழக்கு லண்டனில் நாங்கள் பலர் சேர்ந்திருந்த பிளேஸ்டோ வீட்டின் ஒற்றைக் குளியலறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு கிழமையும் ஆரோடையோ சண்டை பிடிச்ச கதைதான் எழுதிறியள். உங்களுக்கு நல்லது செய்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும், நன்றி மூச்சுவாங்கிக்கொண்டு பின்னால் வரும். இந்த வாரம் நன்றியை முன்னால் விடுகிறேன்.

ஹெல்மெட் கொடுக்கிறவன்

எண்பதுகளின் கடைசியில் டொக்லண்ட்ஸ் பக்கம் பார்த்த இடமெல்லாம் கிரேன். பழைய துறைமுகத்தை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு கட்டடத்தின் ஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்தது. தகரக் கொட்டில், ஒரு ஜன்னல். ஆணி, கையுறை, ஹெல்மெட் என்று கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். தேம்ஸ் ஆற்றுக் காற்று ஜன்னலால் வந்து காதைக் கடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டிகளில் நடுவராகவும் நின்றிருக்கிறேன். ஆகவே சட்டம் பார்க்கிற குணம் அப்போதே இருந்தது. என் மனைவி ராஜி அந்தக் குணத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள், அது பத்திரிகையில் போடத்தக்கதல்ல.

டோனல் அங்கே தச்சன். கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையால் அடைப்புக் கட்டுகிற வேலை. உயரம், சிவந்த கழுத்து, மணல் நிறத் தலைமயிர். சிரித்தால் மேல்வரிசையில் இரண்டு பல் தனியாக மினுங்கும், கட்டிய பல். அவன் ஹெல்மெட்டைத் தொலைத்துவிட்டுப் புதிது கேட்டு வருவான். பழையதைக் கொண்டுவந்தால்தான் புதிது என்பது ஸ்டோர்ச் சட்டம். நான் கொடுக்கமாட்டேன். போய்த் தேடி எடுத்துக்கொண்டு வருவான். பின்னொருநாள் திரும்பவும் தொலைப்பான்.

மற்றவர்கள் இதற்கு என்னைத் திட்டினார்கள். டோனல் மட்டும் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நீ ஊரில் ரெஃபரியாக இருந்தாயா என்று கேட்டான். கிரிக்கெட்டில் என்றேன். முகத்தைச் சுளித்தான். அது ஆங்கிலேயரின் விளையாட்டு என்று அவனுக்கு ஒரு கசப்பு. ஆனாலும் நான் சொன்னதை மனதில் போட்டு வைத்திருக்கிறான், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவன் பேசுவது அவனுடைய ஊர் ஆங்கிலம். வசனத்தைப் பாதியில் கடித்து விழுங்கிவிட்டு மீதியை எங்களிடம் தருவான். அதை நான் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதப்போகிறேன். என் காதுக்கு அப்படித்தான் கேட்டது.

ஞாயிறு என்றொரு நாள்

திங்கள் முதல் சனி வரை லண்டனில் எப்படியோ போய்விடும். ஞாயிறுதான் போகாது.

ராஜியும் மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில். இங்கே இருக்கலாமா என்று நான் கேட்ட கேள்விக்கு இந்த நாடு இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் அவர்களைக் கூப்பிட ஏலாது. பிளேஸ்டோ வீட்டில் எல்லாரும் சனி இரவு ஷிப்ட் முடித்து வந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடப்பார்கள். நான் மட்டும் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து, சுவரில் இருந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஒரு திங்கட்கிழமை டோனல் ஸ்டோருக்கு வந்து, ஞாயிறு என்ன செய்தாய் என்று சும்மா கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அந்த 'ஒன்றுமில்லை'யை நான் எப்படிச் சொன்னேனோ தெரியாது. அடுத்த ஞாயிறு காலை பிளேஸ்டோ வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்று ஹோர்ன் அடித்தது. எல்லாரும் எழும்பித் திட்டினார்கள். நான் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வேனுக்குள் ஈரச் சப்பாத்து, தசைக்குத் தேய்க்கும் எண்ணெய், முதல்நாள் பியர், எல்லாம் கலந்த ஒரு மணம். பின்னால் மட்டைகள் குலுங்கின. ஹர்லி என்பது ஹொக்கி மட்டை போலத்தான், ஆனால் நுனி அகப்பை போல அகலமாகத் தட்டையாக இருக்கும். அதனால் பந்தை நிலத்திலிருந்து கோலி எடுப்பார்கள், ஓடிக்கொண்டே நுனியில் வைத்துக்கொண்டு போவார்கள், ஆகாயத்தில் வைத்தே அடிப்பார்கள். பதினைந்து பேருக்குப் பதினைந்து பேர். அடி பந்துக்கும் விழும், ஆளுக்கும் விழும். அன்றைக்குக் கனபேர் ஹெல்மெட் போடுவதில்லை. கிழமை முழுக்க நான் தலையில் வைத்து அனுப்பிய ஹெல்மெட்டுகளின் சொந்தக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை வெறுந்தலையோடு மட்டைக்கு நடுவே பாய்வதை வேலியோரம் நின்று பார்த்தேன்.

பொழுதுபட வீடு திரும்பியபோதுதான், காலையிலிருந்து தொலைபேசியின் நினைவே வரவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அதன் பிறகு வேன் ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கிழக்கு லண்டனுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு மேற்கே போவது அவனுக்குச் சுற்று வழி. ஒருநாளும் அதைப் பற்றி அவன் பேசியதில்லை.

சிக்ஸர்

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில், ஒரு முனைக்கு இருவராக நான்கு நடுவர்கள் நிற்பார்கள். இவர்களை ரெஃபரிதான் கூட்டிக்கொண்டு வருவார். தம்பி, மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன் என்று அவருடைய ஆட்களாகவே இருப்பார்கள். எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு.

எங்கள் கட்டட வேலையின் ஃபோர்மன் பட், ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃபரி. பட்ட மரம் போன்ற மனிதர், சிரிப்பை வங்கியில் போட்டு வைத்தவர். ஒரு ஞாயிறு அவருடைய நான்கு பேரில் ஒருவர் வரவில்லை. பட் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது டோனல் என்னைக் கைகாட்டினான். ஸ்டோர்க்காரன் ஊரில் அம்பயராக இருந்தவன், சட்டத்துக்காகச் சொந்தத் தாய்க்கும் ஹெல்மெட் கொடுக்கமாட்டான் என்றான்.

பட் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னார். கம்பங்கள் ஆங்கில எழுத்து எச் போல நிற்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே போனால் கோல், பச்சைக் கொடி. மேலே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கம்பத்துக்கு வெளியே போனால் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்து விரிக்க வேண்டும். அவ்வளவுதான். இது பெரிய வேலையோ என்று நினைத்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் அல்ல. முதல் பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலால் அழகாகப் பறந்து போனது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், பந்து தலைக்கு மேலால் போகிறது. இருபது வருசப் பழக்கம் கையை விடுமா? இரண்டு கையையும் நேராக ஆகாயத்துக்குத் தூக்கினேன். யாழ்ப்பாணத்தில் அதற்குச் சிக்ஸர் என்று பெயர்.

மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. பட் ஓடிவந்தார். "ஆரிட்டைச் சரணடையிறாய், சிவா?" என்று கேட்டார்.

நான் அவசரமாகக் கொடியைத் தூக்கி ஆட்டினேன். சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு, நான் கம்பத்தடிக்குப் போகும்போதெல்லாம் எவனாவது வேலியோரம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான்.

இதைத் தேவன் அண்ணையிடம் சொன்னேன். அவர் எங்கள் பிளேஸ்டோ வீட்டில் மூத்தவர். "கிட்டிப்புள்ளுக்கும் ஒரு நடுவரோ?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும்? எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் அதிகாரம் அந்தக் கொடி. என் சொந்தக் கதையை நான் சொன்னால் அதை நம்புவதா வேண்டாமா என்று ஒரு அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்தது. ரைஸ்லிப்பில் நான் கையை அசைத்தால் அதுவே முடிவு. அந்தக் கோட்டைக் கழற்ற எனக்கு மனமே வராது.

முழங்காலில் பட்ட பந்து

டோனலின் விளையாட்டுக் கதையை வேனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்தேன். தன்னைப் பற்றிப் பேசும்போது அவன் வீதியையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுடைய ஊர் அயர்லாந்தின் மேற்குப் பக்கம். எந்தக் கவுண்டி என்று சொன்னால் மற்றக் கவுண்டிக்காரர் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள், ஆகவே வேண்டாம். அங்கே மாவட்டத்தைத்தான் கவுண்டி என்பார்கள். ஊர்க் கழகத்தில் விளையாடி, நன்றாக விளையாடினால் கவுண்டி அணிக்கு எடுபடுவது ஒவ்வொரு பையனின் கனவு. டோனல் பதினேழு வயதில் இளையோர் அணிக்கு எடுபட்டான். இருபதில் பெரிய அணி. அந்தப் பருவம் முழுக்க ஓரத்து வாங்கில் மாற்றாளாக இருந்துவிட்டு, ஒரே ஒரு போட்டியின் கடைசி நிமிடங்களில் உள்ளே இறங்கினான். ஒரே ஒரு பந்து அவனிடம் வந்தது.

"அதுவும் முழங்காலிலை பட்டு வெளியாலை போச்சு," என்றான்.

அடுத்த வருடம் அவனை எடுக்கவில்லை. யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, பக்கத்து வயல்காரன் தோளில் தட்டி, பரவாயில்லையடா என்றானாம். எதற்குப் பரவாயில்லை என்று இவன் கேட்டிருக்கிறான். அந்த வசந்தத்திலேயே லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

இங்கே கழகத்தில் அவன் நடுக்கள ஆட்டக்காரன். முதல் பருவத்திலேயே எதிராளியின் மட்டை வாயில் விழுந்து இரண்டு பல் போனது. பிறகு கட்டிய பல்லை ஒருமுறை சப்பாத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு விளையாடப் போக, வேறொருவன் அந்தச் சப்பாத்துக்குள் காலை விட்டுவிட்டான். அன்றிலிருந்து பல் என் பொறுப்பு. ஆட்டம் தொடங்கமுன் வந்து, பல்லைக் கழற்றிக் கையில் தருவான். கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்வேன். நடுவருக்கு இது அழகா என்று பட்டிடம் கேட்டேன். சட்டத்தில் பல்லைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

லண்டனும் ஒரு கவுண்டியாகக் கணக்கெடுக்கப்பட்டு அயர்லாந்து அணிகளோடு மோதும். டோனல் லண்டன் அணிக்கு எடுபட்டான், பல பருவங்கள் விளையாடினான். சனி வேலை முடித்து, கப்பலில் போய், ஞாயிறு விளையாடி, திரும்பக் கப்பலில் வந்து, திங்கள் காலை நெற்றியில் தையலோடு என் ஜன்னலில் நின்று ஆணி கேட்பான். ஒருமுறை அவனுடைய சொந்தக் கவுண்டியே எதிரணியாக ரைஸ்லிப்புக்கு வந்தது. லண்டன் பெரிதாகத் தோற்றது. ஆனால் லண்டன் எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் இவன் அடித்தவை. முடிந்த பிறகு, ஒருகாலத்தில் இவனைக் கழித்துவிட்ட மனிதர் வந்து கையைக் குலுக்கி, நீ இப்படி விளையாடுவாய் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார்.

"எனக்கும் இங்கை வந்துதான் தெரிஞ்சது," என்றான் டோனல். பல் இல்லாத வாயால் சொன்னாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அதை ஒரு வெற்றியாக அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு பதக்கம், தன் கழகத்தோடு வென்றது. இரண்டு முறை இறுதிப் போட்டிவரை வந்து இரண்டு முறையும் தோற்றிருந்தார்கள். இப்போது முழங்கால் வீங்கத் தொடங்கிவிட்டது. ஊரில் தகப்பன் படுக்கையில், பண்ணையைப் பார்க்க ஆள் இல்லை. அந்த மார்கழியோடு திரும்பிப் போவதென்று முடிவெடுத்திருந்தான். ஆகவே இந்த மூன்றாவது இறுதிப் போட்டிதான் கடைசி.

ஊர் இல்லாதவன்

அந்தப் போட்டிக்குப் பட்தான் ரெஃபரி. என்னை அவர் கூப்பிட்டபோது நான் மறுத்தேன். டோனலின் வேனில் வருகிறவன் அவனுடைய போட்டியில் எப்படி நிற்பது?

பட் எதிரணியின் கப்டனிடமே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஐரிஷ்காரருக்கு ஊர்ப்பற்று என்பது எங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல. இன்ன கவுண்டி, இன்ன கோயில்பற்று, இன்னாரின் மச்சான் என்று மூன்று கேள்வியில் எந்த நடுவரையும் ஏதாவது ஒரு பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். என்னைத் தள்ள முடியவில்லை. என் ஊரான சாவகச்சேரிக்கும் எந்த ஐரிஷ் கவுண்டிக்கும் பகை இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது போல, ஊர் இல்லாத இடத்தில் நான்தான் நியாயம்.

கப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். போன வருடம் டோனலின் கழகம் வெளியே என்று கத்திய ஒரு பந்துக்கு இவன் எங்களுக்கு வெள்ளைக் கொடி தூக்கினான், இவன் நிற்கட்டும் என்றான்.

நான் நின்றேன். நிற்கும்போதே எனக்குப் பயம் இருந்தது. டோனல் வெல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை, அதை மறைக்க என்ன இருக்கிறது? பயம் அதற்காக அல்ல. டோனல் போனாலும் வேறொரு வேன் இருக்கும், கழகம் இருக்கும், என்னை ஏற்ற யாராவது வருவார்கள் என்று நம்பியிருந்தேன். அன்றைக்கு ஏதாவது பிழைத்துப்போனால் அந்த ஞாயிறுகளும் போய்விடும். பிறகு மறுபடி குசினி, மறுபடி அந்தத் தொலைபேசி.

கம்பத்தடி

இனிப் பந்தைக் கீழே இறக்கலாம்.

டோனல் நின்றது தூரத்தில், ஓரக்கோட்டுக்குக் கிட்ட. எதிரணியின் பிழைக்குக் கிடைத்த ஃப்ரீ அடி. மட்டையின் நுனியால் பந்தைக் கோலி உயர்த்தி, விழ விடாமல் வீசினான். நல்ல அடி. அளவுக்குமிஞ்சி நல்ல அடி, பந்து கம்பத்தின் உயரத்தையே தாண்டிவிட்டது. அந்த உயரத்தில் கம்பம் இல்லை, வெறும் ஆகாயம்தான். கம்பம் மேலே நீண்டிருந்தால் எங்கே இருக்கும் என்று கண்ணால் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். அதைச் சரியாகப் பார்க்கக்கூடியவன் அதன் அடியில் நிற்பவன் மட்டும்தான்.

நான் பார்த்தேன். பந்து கோட்டுக்கு வெளியே போனது. அதிகமில்லை, அரைப் பந்தளவு.

எதிர்க் கம்பத்தில் நின்ற பட்டின் மைத்துனர் என்னைப் பார்த்தார். என் கம்பம், என் முடிவு. டோனலின் ஆட்கள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற சனத்தில் பாதி ஏற்கனவே கத்தத் தொடங்கிவிட்டது. கொடி என் காலடியில் இருந்தது. குனிந்து எடுத்தால் போதும்.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்து விரித்தேன்.

அடுத்த நிமிடம் நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. எதிரணியின் கோல் காப்பாளன் பந்தை எடுத்து ஒரே அடியில் மறுமுனைக்கு அனுப்பினான். அங்கே யாரோ அதைக் கையில் பிடித்தான், அடித்தான். தூரத்தில் ஒரு வெள்ளைக் கொடி ஆடியது. பட் விசிலை ஊதினார். முடிந்தது.

டோனலின் அணியில் மார்ட்டின் என்றொருவன். பின்களத்தில் நிற்பவன், கதவளவு ஆள். மட்டையை நிலத்தில் அடித்து இரண்டாக உடைத்துவிட்டு என்னை நோக்கி வந்தான். அவன் சொன்னவற்றில் மொழிபெயர்க்கக்கூடியது, இந்தியாக்காரனுக்கு இந்த விளையாட்டில் என்ன தெரியும் என்பது மட்டும். இந்தியாக்காரன் என்றதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அதற்குள் டோனல் வந்துவிட்டான். முகமெல்லாம் சேறு. மார்ட்டினை ஒதுக்கிவிட்டு என் முன்னால் நின்று வலக்கையை நீட்டினான். கை குலுக்கத்தான் என்று நினைத்து நானும் கையை நீட்டினேன். என் கண் நிறைந்துவிட்டது. அவன் தலையை ஆட்டினான்.

"பல்லைத் தா," என்றான்.

கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். முதுகைத் திருப்பி, பல்லை மாட்டிக்கொண்டு, மார்ட்டினைப் பார்த்தான். "சிவா வெளியிலை எண்டால் வெளியிலைதான். வா, போவம்," என்றான். அவர்கள் போனார்கள். நான் கொடியை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

திரும்பும் வழி

கோட்டைப் பட்டிடம் கொடுத்தேன். அவர் என் தோளில் கையை வைத்து எடுத்தார். உடைமாற்றும் அறைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. பின்வாசலால் வெளியேறி ரயில் நிலையத்துக்கு நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அரைப் பந்தளவுக்காக நான் இழந்ததை நினைத்துக்கொண்டு நடந்தேன். செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் மனசுக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

வீதியோரம் வேன் வந்து நின்றது. டோனல் கண்ணாடியை இறக்கினான்.

"ஏறு," என்றான்.

முன்னால் இடமில்லை. பின்கதவு உள்ளேயிருந்து திறந்தது. ஏழெட்டுப் பேர் சேறும் வியர்வையுமாக நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கதவோரம் குந்தப்போனேன். மார்ட்டின் தன் பக்கத்தில் இருந்த ஈரப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அந்த இடத்தில் இருந்தேன்.

ஹேங்கர் லேன் சுற்றுவட்டம் வரைக்கும் கண்ணாடி துடைப்பான் மட்டும் கீச்சிட்டது. அதன் பிறகு டோனல், வீதியைப் பார்த்தபடியே பேசினான்.

"அடிச்ச கையோடை எனக்குத் தெரியும், வெளியிலை எண்டு. நான் பந்தைப் பாக்கேல்லை சிவா. உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"என்னை ஏன்?" என்று கேட்டேன்.

"எனக்காக நீ வெள்ளைக் கொடியைத் தூக்கிவிடுவியோ எண்டு பயந்துபோனன்."

பதக்கம் இல்லாமல் ஊர் திரும்பப்போகிறவன், என் கை எங்கே போகும் என்று பயந்திருக்கிறான். என்னை ஒருவன் அவ்வளவுக்கு மதித்தான் என்பதை நான் அந்த வேனுக்குள்தான் அறிந்தேன். இத்தனை வருடமாகியும் அவனுக்கு இதற்காக நான் நன்றி சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, யாராவது படித்துச் சொன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

வேன் கிழக்கே திரும்பியது. பக்கத்திலிருந்த மார்ட்டின் தொண்டையைச் செருமினான். என்னைப் பார்க்காமல், தன் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"வாற ஞாயிறு எங்கடை ரெண்டாவது அணிக்கு மட்ச் இருக்கு. மற்றக் கழகக்காரங்கள் தங்கடை ஆளைக் கொண்டரப் பாக்கிறாங்கள். பட்டிட்டைச் சொல்லு, கம்பத்தடியிலை நீதான் நிக்கவேணும் எண்டு."

"ஓம்," என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். என்ன சொன்னாய் என்று அந்த வேனுக்குள் ஒருவரும் கேட்கவில்லை.